நனையாத காகிதங்கள்

ஆடி பிறந்தால் பத்திரிகைகளில் தேவாலாவின் பெயர் வந்துவிடும். முந்தைய நாள் எங்கே எவ்வளவு மழை என்று போடும் பட்டியலில் சின்னக்கல்லாறு, வால்பாறை, அவலாஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரும் இருக்கும். ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டுவதெல்லாம் அங்கே பெரிய சேதி இல்லை. சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 140 சென்டிமீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கை எங்கள் ஊர் ஒரே ராத்திரியில் வாங்கிக்கொண்டு, காலையில் மழைக்குள்ளேயே கடை திறக்கும். சமவெளிக்காரர்களுக்குத் தேவாலா என்றால் இந்தக் கணக்குதான். எனக்கு அது அப்பாவின் மளிகைக் கடை.

கூடலூரிலிருந்து நாடுகாணிக்கு வந்தால் ஒரு சாலை நிலம்பூருக்குச் சுரம் இறங்கும். இன்னொன்று தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று வயநாட்டு எல்லைவரை போகும். பஜார் என்று நாங்கள் சொன்னது ஒரே தெரு. ஒரு பக்கம் மாப்பிள்ளை காக்காவின் டீக்கடை, அதையொட்டித் தையல் கடை, எதிரே பீடி வெற்றிலைக் கடை, அப்புறம் எங்கள் கடை. அந்தத் தெருவில் தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். அப்பாவிடம் அதற்கு மேல் ஒரு மொழி இருந்தது. முட்டை எண்ணும்போது எங்களைச் சிரிக்க வைக்க "எக்காய், தெக்காய், துனாய், ஹதராய்" என்று சிங்களத்தில் எண்ணுவார்.

கடைக்குக் கதவு கிடையாது. வரிசைப் பலகைகள்தான். ஒவ்வொன்றின் பின்னாலும் தாரால் எண் எழுதியிருக்கும். மழை மாதங்களில் பலகைகள் ஊறிப் பெருத்துவிடும். கடைசிப் பலகையைப் பிடுங்க அப்பா தோளால் முட்டுவார். உள்ளே கருவாடும் மண்ணெண்ணெயும் நனைந்த சணல் சாக்கும் கலந்த வாசம். உப்பு மூட்டை தானாகவே கசிந்து தரையில் ஒழுகும். தீக்குச்சி உரசினால் மருந்து உதிரும், நெருப்பு வராது. பீடிக்கட்டில் பூஞ்சை படரும். அதனால் எது எது கெடுமோ அதையெல்லாம் ராத்திரி சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்து, அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஏற்றுவார். காலையில் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இது அவருக்குத் தினப்படி வேலை.

அம்மா டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனார். இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை. சாயங்காலம் வீடு திரும்பும்போது காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருக்கும், அட்டை கடித்த இடமெல்லாம். அப்பா அந்த நேரத்துக்குக் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவார். வெந்நீர் வைத்து, அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, உப்பும் போயிலையும் கட்டிய துணி முடிச்சால் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுத் தொட்டு விழவைப்பார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பார். அம்மா பாதிக் கண் மூடி, அன்றைக்கு எத்தனை கிலோ பறித்தார், கணக்கப்பிள்ளை எவ்வளவு எழுதினார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். வேறு எந்த வீட்டிலும் ஆண்பிள்ளை இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கடையில் அட்டைக்கு உப்பு என்று யார் கேட்டாலும் அப்பா காசு வாங்கமாட்டார். அது ஏன் என்று எனக்கு அந்தத் திண்ணையிலிருந்தே தெரியும்.

அப்பா பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். அதே காலத்தில்தான் மலையகத் தோட்டங்களில் பஞ்சம். கூப்பன் மா கிடைக்காத நாட்களில் அப்பாவின் கடைசித் தங்கை வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். அதைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார், அதுவும் எங்களிடம் இல்லை, அம்மாவிடம், நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு.

கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, ஜனங்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொன்ன ரயிலில் தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டு வந்தார்கள். மறுவாழ்வுக்கென்று அப்பாவுக்கு எழுதியிருந்தது வியாபாரக் கடன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியும் உரம் போட்டும் பழகிய மனிதருக்குத் தராசு கொடுத்தால் என்ன செய்வார்? அப்பா தன் தாத்தாவின் ஊரில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியாது, 'சிலோன்காரன் கடை' என்று ஒதுங்கிப் போனார்கள். கடனில் பாதி அங்கேயே கரைந்தது. அப்படிக் கரைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தேயிலை இருக்கும் இடத்தைத் தேடி அவர்கள் நீலகிரிக்கு ஏறினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் பிற்பாடு டான்டீ கழகமாக ஆகியிருந்தது. அம்மாவுக்கு அதில் வேலை கிடைத்தது. மிச்சமிருந்த பணத்தில் அப்பா தேவாலா பஜாரில் வாடகைக்கு இடம் பிடித்தார். ஆக, கடை நின்றது அம்மாவின் பேர்க்கூலியில்தான். இதை அப்பா யாரிடமும் மறைத்ததில்லை.

கடையின் உயிர் பற்று நோட்டு. நீளவாக்கில் தைத்த, சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. அதில் ஒரு விசேஷம் இருந்தது. பெயர்கள் எல்லாம் பெண்கள் பெயர்கள். வீட்டுக்காரர் வந்து அரிசி வாங்கினாலும் பற்று அந்த வீட்டு அம்மாள் பெயரில்தான் ஏறும். கொழுந்து பறிப்பவள் அவள், அடுப்பு எரிப்பவள் அவள், கணக்கும் அவளிடம்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. சம்பள நாளில் சாராயத்துக்குப் போகிற வழியில் ஒருவர் வந்து, "எம்பேர்ல எழுத மாட்டியாண்ணே, நான் ஆம்பள இல்லியா?" என்று சண்டைக்கு நின்றார். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே, "நீங்க ஆம்பளதான் தம்பி. ஒங்க வீட்ல அரிசி தீந்தது எப்பன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அவருக்குத் தெரியவில்லை. டீக்கடைக் காக்கா சிரித்த சிரிப்பில் அந்த மனிதரும் சிரித்துவிட்டார்.

மழை மாதங்களில் பற்று ஏறிக்கொண்டே போகும். தோட்டத்தில் ஆள் வேலை குறையும், ரோடு விழும், கூடலூரிலிருந்து சரக்கு லாரி வராது. அரிசிக்கு மட்டும் அப்பா எல்லை வைத்ததில்லை. எண்ணெய்க்கு உண்டு, பீடிக்கு உண்டு, கருவாட்டுக்கும் உண்டு. அரிசிக்கு இல்லை. அந்தத் தங்கையின் கதையைக் கேட்டபிறகு அதற்குக் காரணம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த நோட்டைப் பற்றி அல்ல. பரணில் இருந்த தகர டின்னைப் பற்றி.

கடைகளுக்கு பிஸ்கட் வரும் பெரிய சதுர டின் அது. ஒரு மழைக்காலத்தில், எனக்கு ஆறேழு வயதிருக்கும், பாடி என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து லயம் ஒன்றில் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வீட்டு அம்மாள் மறுநாள் காலை கொங்காணியைக்கூடக் கழற்றாமல் கடைக்கு வந்து, முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கூழாகிப் போன ஒரு காகித உருண்டை. அது அவர்கள் குடும்ப அட்டை. இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் என்பதற்கு, இந்த நாட்டுப் பிரஜைகள் என்பதற்கு, இன்ன தேதியில் இன்ன கப்பலில் இத்தனை பேராக வந்தோம் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம். மறுபடி நகல் வாங்க அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூடலூர் போகச் சொன்னார்கள், ஊட்டி போகச் சொன்னார்கள். ஒவ்வொரு நடைக்கும் அப்பா கூடவே போனார். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால் அந்த அட்டை, வீட்டுக் கடனுக்கு அந்த அட்டை, முதியோர் பென்ஷனுக்கு அந்த அட்டை. லயத்துக் கூரையோ ஒழுகுகிற கூரை.

அதற்குப் பிறகு அப்பா அந்த டின்னை எடுத்தார். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து, குடும்பத்துக்கு ஒரு பையாக வெட்டி, உள்ளே காகிதங்களை வைத்து, வாயை மெழுகுவத்தியால் சூடு காட்டி ஒட்டினார். டின்னின் அடியில் அடுப்புக்கரித் துண்டுகளையும் வறுத்த அரிசியையும் துணியில் கட்டிப் போட்டார், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும் என்று. மூடியைச் சுற்றி மெழுகு. "ஒங்க கடுதாசிய இங்க வச்சுக்கங்க. வேணுங்கிறப்ப வாங்க. தொலஞ்சா நான் பொறுப்பு" என்று சொல்லி, சின்னத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தனியாக ஒரு நோட்டில் பதிந்து கைநாட்டு வாங்கிக்கொண்டார். முதலில் அந்தப் பாடிக்காரர்கள், பிறகு அடுத்த பாடி, பிறகு பந்தலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள். ஒரு டின் மூன்றாயிற்று. எங்கள் வீட்டுப் பரணில் பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில் அத்தனை குடும்பங்களின் குடியுரிமையும் புகை வாங்கிக்கொண்டிருந்தது.

தை மாதம் நல்ல வெயில் பார்த்து ஒரு நாள் அவற்றை இறக்குவார். கடைக்கு விடுமுறை. முற்றத்தில் பாய் விரித்து, பைகளைப் பிரித்து, ஒவ்வொரு காகிதமாகப் பரப்புவோம். காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைப்பது என் வேலை. தம்பிக்குக் கோழி விரட்டும் வேலை. பாஸ்போர்ட்டுகளில் ஒட்டியிருந்த குடும்பப் படங்களை நான் குனிந்து குனிந்து பார்ப்பேன். ஊரில் பல் போய்ப் பார்த்த கிழவி அங்கே இரட்டைச் சடையோடு நிற்பாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கிள்ளும் பையனின் அப்பா, மேல்சட்டை இல்லாத குழந்தையாக யாருடைய மடியிலோ இருப்பார். எல்லாப் படத்திலும் எல்லாரும் நேராக, சிரிக்காமல், புதுத் துணியில். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து, "இவங்க மஸ்கெலியாப் பக்கம். மூத்தவன் அங்கயே நின்னுட்டான், அவனுக்கு அந்த நாட்டுப் பிரஜா உரிமை. தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வரமுடியல" என்று சொல்லிக்கொண்டே திருப்பிப் போடுவார். எங்கள் சரித்திரப் பாடம் அதுதான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அந்த ஒப்பந்தம் ஒரு வரி. முற்றத்தில் அது பாய் பாயாக விரிந்து கிடந்தது. ஒப்பந்தம் ஒரே வீட்டுக்குள் கோடு கிழித்ததை, அண்ணனை ஒரு நாட்டிலும் தம்பியை இன்னொரு நாட்டிலும் விட்டதை, நான் முதலில் புரிந்துகொண்டது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

சாயங்காலங்களில் மனு எழுதுவார். தோட்டப் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவர், எழுத்து அச்சுப் போல இருக்கும். 'பெறுநர், வட்டாட்சியர் அவர்கள், கூடலூர்' என்று தொடங்கும். பந்தலூருக்குத் தாலுகா வந்தது பின்னால். கார்பன் தாள் வைத்து இரண்டு படி எடுப்பார். பாலம் வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும், ஆனை வந்து வாழையை அழித்துவிட்டது, இழப்பீடு வேண்டும். கடைக்கு வருகிறவர் சீனி வாங்கும் நேரத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுவார். அப்பா கடை மூடிய பிறகு எழுதி, மறுநாள் கையெழுத்துக்கு வைத்திருப்பார். காசு என்ற பேச்சே கிடையாது. தபால் தலை மட்டும் அவரவர் செலவு. அதில் கண்டிப்பு. "மனுவுக்குத் தலை வாங்குனவரு பதில் வருதான்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் ஒட்டுனா மறந்துருவாரு" என்பார். எவ்வளவு சரி!

எழுதி எழுதி ஓயாத விஷயம் நிலம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நிலத்தின் கதை நாட்டில் வேறெங்கும் இல்லாதது. எல்லாம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. ஜன்ம உரிமையை ஒழிக்க 1969இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. கோவிலகத்திடம் குத்தகை எடுத்திருந்த எஸ்டேட் நிலங்கள் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் போய் விழுந்து, நீதிமன்றத்தில் சிக்கின. அந்த நிலத்தில் குடிசை போட்டு, தேயிலையும் குறுமிளகும் வைத்துப் பிழைத்தவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்டும் இல்லை. எங்கள் வீடும் பதினேழில்தான். கடையில் பல்பு எரியும், வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பத்தாவதுவரை நான் படித்தது அந்த விளக்கில். இந்தியாவின் காடுகள் முழுவதையும் தொட்ட கோதவர்மன் வழக்கைப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்துக்காரர், 1995இல், கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு. அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பற்றி 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன கொய்லோ வழக்கும் எங்கள் ஜன்மச் சட்டத்திலிருந்து கிளம்பியது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். அந்த நிலத்தின் மேல் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் மனு மட்டும் அப்பாவின் கார்பன் படிகளில் நீலமாக மங்கிக்கொண்டே இருந்தது.

தங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தேவாலா என்றால் சிலர் அதைத்தான் கேட்பார்கள். 1880 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் ஸ்மித் என்ற நிபுணர் இங்கே தங்கம் இருக்கிறது என்று அறிக்கை கொடுக்க, லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. மலையைக் குடைந்த துளைகள் மட்டும் காட்டுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. வேலையில்லாத பையன்கள் பொன் அரிக்க அதற்குள் நுழைவார்கள், மூச்சு முட்டியோ மண் சரிந்தோ உயிர் போனதும் உண்டு. எந்தப் பையனாவது கடையில் வந்து கயிறும் மெழுகுவத்தியும் சேர்த்துக் கேட்டால் அப்பா கொடுக்கமாட்டார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "அந்த மண்ணுல எடுத்தத விடப் போட்டதுதான் தம்பி ஜாஸ்தி. வெள்ளக்காரனே போட்டுட்டுப் போயிட்டான்" என்பார். சிலர் கேட்டார்கள். வேறு கடையில் கயிறு வாங்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

பணியர் பெண்கள் சாயங்காலம் கூட்டமாக வருவார்கள். காட்டுநாயக்கர்கள் தேன் கொண்டுவருவார்கள். அவர்கள் பற்றும் நோட்டில் உண்டு. டின்னில் மட்டும் அவர்களுடைய பை ஒன்றுகூட இல்லை, வைப்பதற்கு அவர்களிடம் காகிதமே இல்லை. 1988 டிசம்பரில் கூடலூரில் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுப் பெரிய பேரணி போனார்கள். அன்றைக்கு பஜாரில் கூலிக்கு ஆள் இல்லை. சிலர் முணுமுணுத்தார்கள், இவர்களுக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நாம இங்க வந்ததுக்கு ஒரு கடுதாசி குடுத்தாங்க. அவங்க இங்கயே இருந்ததுக்கு ஒரு கடுதாசியும் இல்ல பாரு." எங்களைப் போல வந்து குடியேறியவர்களால் அவர்களுடைய இடம் சுருங்கியது என்பதை அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் பலர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அப்பா சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் வீட்டுப் பிள்ளை யார் எப்போது பிறந்தது என்று பெண்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினார். மழை பிடித்த வாரம், ஆனை வேலியை உடைத்த மறுநாள், ஓணத்துக்கு முன்னால் என்று அவர்கள் சொல்வதை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்துத் தேதி போடுவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே போவார்.

1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சோவியத் நாடு உடைந்ததும் நீலகிரித் தூளை வாங்கிக்கொண்டிருந்த பெரிய சந்தை ஆட்டம் கண்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்கள் பறிகூலிக்குக்கூட வராது என்று கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். பற்று நோட்டு தடித்தது, வரவு நின்றது. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை வந்தது அப்போதுதான். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அம்மா நோட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். "ஊரு பிள்ளைக்குத் தேதி எழுதுறீங்க, நம்ம பிள்ளைக்குப் பணம் கட்டுற தேதி தெரியுமா?" அம்மாவின் பக்கம் நியாயம் இருந்தது. அதை அன்றும் சொல்வேன், இன்றும் சொல்வேன். ஊருக்கு நல்லவராக இருக்கும் மனிதரின் வீட்டில் அந்த நல்லதன்மைக்கு யாரோ ஒருவர் உழைத்துக் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் அது அம்மாவின் கால்கள். அப்பா ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துத் துடைத்தார். மறுவாரம் மொத்த வியாபாரியிடம் பேசித் தன் மோட்டார் சைக்கிளை விற்றார். அதற்குப் பிறகு கூடலூருக்குச் சரக்கு எடுக்க பஸ்ஸில்தான் போனார், திரும்பும்போது மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு. நான் கோயம்புத்தூரில் படித்து முடித்து ஆசிரியை ஆனேன். என் முதல் சம்பளத்தை அப்பா தன் கையில் வாங்காமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அப்பா ஒரு ஐப்பசியில் போனார், தூக்கத்திலேயே. காரியம் முடிந்த பிறகு தம்பியும் நானும் டின்களை இறக்கினோம். பதிவு நோட்டை வைத்துக்கொண்டு தம்பி பாடி பாடியாக நடந்தான். பலர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். சிலர், "நீயே வச்சுக்க தம்பி, அங்கதான் பத்திரம்" என்று திருப்பி அனுப்பினார்கள். சில வீடுகளில் ஆளே இல்லை. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கேரளத்துக்கும் போய்விட்டார்கள். 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தபோது, ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்தால் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. அப்போது சில பிள்ளைகள் தம்பியைத் தேடி வந்தார்கள், அட்டையைக் கேட்டு.

2024 ஜூலை 30 விடிகாலை, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. எஸ்டேட் பாடிகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் போயின. பிழைத்தவர்களுக்குச் சான்றிதழ்களை மறுபடி வழங்க மேப்பாடியில் அரசு முகாம் நடத்திய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லாவற்றையும் இழந்து நிற்கிற மனிதர், தான் இன்னார் என்று காட்ட ஒரு தாள் கேட்டு வரிசையில் நிற்கிறார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பாரு" என்றார்.

கடையைத் தம்பி நடத்துகிறான். வரிசைப் பலகை போய் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. மூலையில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறான், மழைக்காலத்தில் அதன் அடியில் பல்பு எரியவிட்டுத் தாளைக் காயவைக்கிறான். போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மகனுக்குக் கல்லூரிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழுக்குப் பாட்டியின் குடும்ப அட்டை வேண்டும், தேவாலாவில் கடைக்காரரிடம் இருக்கிறது என்று பாட்டி சாகும்போது சொன்னாள், இருக்குமா அண்ணே என்று கேட்டாள். தம்பி பாட்டி பெயரைக் கேட்டுக்கொண்டு பதிவு நோட்டைப் புரட்டினான். இருந்தது. கூரியரில் போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். குடும்பத்து ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், அது அப்பா வைத்த முறை என்றான். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறினான்.

நோட்டில் அந்த வரியை அடித்தாயிற்று. அடிபடாத வரிகள் இன்னும் இருக்கின்றன. மஸ்கெலியா, பொகவந்தலாவை, அட்டன் பக்கத்திலிருந்து வந்து தேவாலா சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதைப் படித்தால், வீட்டில் பெரியவர்கள் யாராவது துண்டுச் சீட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களா என்று ஒருதரம் தேடிப் பாருங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டியின் பெயர் போதும்.